சிறு காற்றாலைக்கும் ஒரு தேர்வுக்கூடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "ஹாஸ்டல் கதையெல்லாம் வேண்டாம்ப்பா, எல்லோரும் அதைத்தான் பேசறாங்க. உன் தொழிலைப் பத்திப் பேசு" என்றார். நல்லதாகப் போயிற்று. ஹாஸ்டல் கதை பேசினால் முன்வரிசையில் இருக்கும் வார்டன் சார் முகத்தை நான் பார்க்க முடியாது.

என் தொழில் காற்றை அளப்பது. பொட்டல் காட்டில் உயரமாக ஒரு கம்பம் நட்டு, அதில் காற்றுவேகமானியைக் கட்டி, அது சொல்வதை வருஷக்கணக்கில் பதிவு செய்து, "இந்த இடத்தில் இவ்வளவு காற்று" என்று கணக்குக் கொடுப்பது. பெரும்பாலும் பெரிய காற்றாலைகளுக்காகத்தான் இந்த வேலை. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அந்தக் காற்றாலைகளை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அவற்றின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவற்றைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது தோட்டத்திலும் மாடியிலும் நிறுத்துகிற சின்னக் காற்றாலைகளைப் பற்றி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அவற்றைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வசதி ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது, அதைக் கூட்டுவதற்கு நம்மைப் போன்ற ஒரு கல்லூரி என்ன செய்யலாம் என்பதைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன்பு தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். தோட்டத்து வீட்டுக்கு ஒரு கிலோவாட் காற்றாலை வாங்கி வைத்திருக்கிறார். விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். "சுத்துது தம்பி, நல்லாத்தான் சுத்துது. பேட்டரிதான் ஏற மாட்டேங்கு" என்றார். போய்ப் பார்த்தேன். சுற்றி தென்னை, நடுவில் தென்னையை விடக் குட்டையான ஒரு கம்பம், அதன் மேல் நுனிக்கு நுனி இரண்டு மீட்டர் இறக்கை. அண்ணாச்சி விளம்பரத்தாளை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். "ஒரு கிலோவாட்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில், "விநாடிக்கு 12 மீட்டர் காற்றில்" என்று இருந்தது.

தம்பி தங்கைகளே, முதலாண்டுக் கணக்குத்தான் இது. நோட்டை எடுங்கள். இரண்டு மீட்டர் விட்டம் என்றால் இறக்கை வீசும் பரப்பு 3.14 சதுர மீட்டர். காற்றில் இருக்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். விநாடிக்கு 12 மீட்டரில் அந்தப் பரப்பின் வழியாகச் சுமார் 3,300 வாட் போகிறது. அதில் 30 சதவீதத்தைப் பிடித்தால் ஒரு கிலோவாட். ஆக விளம்பரத்தாளில் பொய் இல்லை! ஆனால் விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் அதே பரப்பின் வழியாகப் போவது 240 வாட்தான். 1920இல் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் போட்ட கணக்குப்படி எந்தக் கொம்பனும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. நல்ல சின்ன இயந்திரம் எடுப்பது கால்வாசி. அதாவது 60 வாட். ஒரு பழைய குண்டு பல்பு. இதுவும் திறந்த வெளியில். தென்னைக்கு மறைவில் வருவதைக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. வேறொரு கம்பெனிக்காரர் தன் இயந்திரத்தை விநாடிக்கு 14 மீட்டர் காற்றில் அளந்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 1.6 மீட்டர் விட்டமே போதும், அவரும் "ஒரு கிலோவாட்" என்று போட்டுக்கொள்ளலாம். இறக்கை சிறிசு, விலை குறைவு. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வாங்குகிறவர் எதை எடுப்பார்? பெரிய இறக்கை செய்த நாணயமான ஆளுக்குத்தான் நஷ்டம்.

அண்ணாச்சி விடவில்லை. உள்ளே போய்ச் சட்டம் போட்ட ஒரு சர்டிபிகேட்டைக் கொண்டுவந்தார். ஐ.எஸ்.ஓ. 9001. "அப்போ இது பொய்யா?" என்றார். பொய் இல்லை அண்ணாச்சி, கம்பெனி தன் நடைமுறைகளை ஒழுங்காக எழுதி வைத்து அதன்படி நடக்கிறது என்று இந்தத் தாள் சொல்கிறது, இந்த விசிறியைப் பற்றி இது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றேன். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காசு போனதைவிட, சர்டிபிகேட் என்ற சொல்லையே நம்பக்கூடாது போலிருக்கிறதே என்ற வருத்தம் அது.

அப்படியானால் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிற சான்றிதழ் எது? அதற்கு உலக அளவில் ஒரு தரநிலை இருக்கிறது. ஐ.இ.சி. 61400-2 என்று பெயர். இறக்கை வீசும் பரப்பு 200 சதுர மீட்டர் வரை உள்ளவை சிறு காற்றாலை என்பது அதன் கணக்கு. அதாவது ஏறக்குறைய 16 மீட்டர் விட்டம் வரை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தத் தரநிலையின்படி நடக்கும் சோதனைகளில் முதலாவது, எந்தக் காற்றில் எவ்வளவு மின்சாரம் என்று அளப்பது. இயந்திரத்திலிருந்து இறக்கை விட்டத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு தூரத்துக்குள் ஒரு கம்பம் நட்டு, காற்றுச் சுரங்கத்தில் அளவுதிருத்திய வேகமானியை அதில் வைக்க வேண்டும். பெரிய காற்றாலைக்குப் பத்து நிமிஷச் சராசரி எடுப்போம், சின்னதற்கு ஒரு நிமிஷச் சராசரி. காற்று வேகத்தை அரை மீட்டர் அரை மீட்டராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது பத்து நிமிஷ அளவுகள் சேர வேண்டும். நம்ம ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவு. 35 டிகிரியில் ஆறு சதவீதத்துக்கு மேல் குறையும். அதையும் கணக்கில் சரிக்கட்ட வேண்டும்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. இது நம்ம நாட்டுக்கு மிக முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையிலிருந்து சுமையைத் திடீரென்று கழற்றிவிட்டால் என்ன ஆகும்? இழுவை இல்லாத இறக்கை வெறி பிடித்த மாதிரி சுற்றும். கரண்ட் கட் ஆகும்போதெல்லாம் நடப்பது இதுதான். பலத்த காற்றில், சுமை இல்லாதபோது, இயந்திரம் தானாகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறதா, வால் மடங்கி இறக்கை காற்றுக்கு ஒதுங்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பயங்கரம் என்று தெரியும்.

எல்லாவற்றையும்விட நீண்டது நீடிப்புச் சோதனை. குறைந்தது ஆறு மாதம் இயந்திரம் நின்று ஓட வேண்டும். 2,500 மணி நேரம் மின்சாரம் உற்பத்தி செய்திருக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது, எந்தச் சராசரிக் காற்றுக்காக அந்த இயந்திரம் வடிவமைக்கப்பட்டதோ அதன் 1.2 மடங்குக்கு மேலான காற்றில். 25 மணி நேரமாவது 1.8 மடங்குக்கு மேல். மூன்றாம் வகுப்பு இயந்திரத்துக்குச் சராசரி விநாடிக்கு 7.5 மீட்டர். அதன் 1.8 மடங்கு 13.5 மீட்டர், மணிக்குக் கிட்டத்தட்ட 49 கிலோமீட்டர். இதற்கிடையில் ரிப்பேர் என்று படுத்துக்கொண்டே இருக்கவும் கூடாது, 90 சதவீத நேரமாவது ஓடத் தயாராக நிற்க வேண்டும். கடைசியில் கீழே இறக்கி, நட்டு போல்ட் வரை பிரித்து, விரிசல், துரு, தேய்மானம் உண்டா என்று பார்ப்பார்கள். நம் காலத்தில் ஆண்டுத் தேர்வு எழுதியவர்களுக்கு இந்தப் பரீட்சையின் அருமை புரியும்.

சோலார் பேனலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பேனலின் திறனை அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் கண் இமைக்கும் நேரத்தில் அளந்துவிடலாம். தொழிற்சாலையில் ஒவ்வொரு பேனலையும் அப்படித்தான் அளந்து அனுப்புகிறார்கள். சூரியனை லேபுக்குள் கொண்டுவர முடிகிறது. ஆறு மாதக் காற்றை அதன் சுழிப்போடும் குத்தலோடும் லேபுக்குள் கொண்டுவர வழியில்லை. காற்றுச் சுரங்கம் வேகத்தைத் தரும், ஆடி மாதத்தைத் தராது. அதனால் காற்று இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும், அது வீசுகிற மாதத்தில் போக வேண்டும்.

இந்த இடத்தில் டென்மார்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1970களின் நடுவில், எண்ணெய் விலை ஏறிய பிறகு, அங்கே காற்றாலை செய்தவர்கள் பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. கிறிஸ்டியன் ரீசாகர் என்பவர் ஒரு தச்சர். கார்ல் எரிக் யோர்கென்சன் ஒரு கொல்லர். வெஸ்டாஸ் அப்போது விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த கம்பெனி. 1978இல், அணு ஆராய்ச்சிக்கென்று தொடங்கிய ரிசோ ஆய்வகத்தின் வளாகத்தில் ஒரு சோதனை நிலையம் திறந்தார்கள். அதன் பெயரே சிறு காற்றாலைகளுக்கான சோதனை நிலையம் என்பதுதான். ஹெல்கே பீட்டர்சன் என்ற பொறியாளர் அதை நடத்தினார். மறு ஆண்டு, 1979இல், அங்கே ஒப்புதல் பெற்ற காற்றாலையை வாங்குகிறவருக்கு விலையில் 30 சதவீதம் அரசு மானியம் என்று அறிவித்தார்கள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் தேர்வுக்கூடம், பிறகு தேர்வு கட்டாயம்.

அந்த நிலையம் மதிப்பெண் மட்டும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு பிரேக் போதாது, ஒன்று கைவிட்டால் இன்னொன்று தானாகப் பிடிக்க வேண்டும் என்று ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகளைக் கட்டாயமாக்கியது. பட்டறைக்காரர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் காற்றில் ஓடிப்போய் உடைந்த இயந்திரங்களைப் பார்த்த பிறகு அந்த நிபந்தனையின் நியாயம் யாருக்கும் விளங்காமல் இருக்காது. அதோடு காற்றாலைச் சொந்தக்காரர்களின் சங்கம் ஒன்று மாதாமாதம் யாருடைய இயந்திரம் எவ்வளவு யூனிட் கொடுத்தது என்று பத்திரிகையில் அச்சிட்டது. இது சோதனை நிலையத்துக்கு நிகரான வேலை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்த 200 சதுர மீட்டரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1986இல் நம் தூத்துக்குடியில் முதன்முதலாகக் காற்றாலைப் பண்ணை வைத்தார்களே, அவை 55 கிலோவாட் இயந்திரங்கள். அந்த ரகத்துக்கு இறக்கை விட்டம் சுமார் 15 மீட்டர், பரப்பு 180 சதுர மீட்டருக்குள். இன்றைய கணக்கில் அவை சிறு காற்றாலைகள்! டென்மார்க்கின் தச்சரும் கொல்லரும் தொடங்கிவைத்த வம்சம்தான் தமிழ்நாட்டின் காற்றாலை வரலாற்றைத் தொடங்கி வைத்தது. "சின்ன மெஷின்தானே சார்" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் நான் இதைத்தான் சொல்வேன்.

தொடர்பு அதோடு முடியவில்லை. 1998இல் சென்னையில் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் அமைக்கப்பட்டது. சி-வெட் என்று சொல்வோம். 2014இல் அது தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்று பெயர் மாறியது. அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில் இருக்கிறது. கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்ட அதே கயத்தாறுதான். அந்த நிலையம் டென்மார்க் அரசின் உதவி நிறுவனமான டானிடாவின் தொழில்நுட்ப உதவியோடும் ஓரளவு நிதி உதவியோடும் அமைந்தது. பெரிய காற்றாலைகளோடு சிறு காற்றாலைகளையும் அங்கே சோதிக்கிறார்கள். மத்திய அரசின் சிறு காற்றாலை மானியத் திட்டம் நடந்த ஆண்டுகளில், சோதனையில் தேறிப் பட்டியலில் இடம்பெற்ற மாடல்களுக்கே மானியம் என்ற முறை இருந்தது. முறை சரியானது. அதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் எங்கே என்றால், பஞ்சாங்கத்தில்.

கயத்தாற்றுக்குக் காற்று வருவது செங்கோட்டைக் கணவாய் வழியாக. தென்மேற்குப் பருவம் அங்கே மலையில் இடைவெளி கண்டு புகுந்து வேகம் எடுக்கிறது. திசை மாறாத, வலுவான காற்று. அளக்கிறவனுக்கு அதைவிட நல்ல காற்று கிடைக்காது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அந்த வலு. 2,500 மணி நேரத்தை அங்கே இங்கே சேர்த்துவிடலாம். பலத்த காற்றில் ஓட வேண்டிய அந்த 25 மணி நேரம் சீசனில்தான் கிடைக்கும். ஒரு மேடையில் ஒரு சீசனுக்கு ஒரு இயந்திரம்தான் நிற்க முடியும். எத்தனை மேடையோ அத்தனை இயந்திரம். சித்திரைக்குள் மேடை ஏறினால் ஐப்பசியில் தேறி இறங்கலாம். ஆடி கழித்து வந்தால் அடுத்த ஆனி வரை காத்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். காற்றாலையில் ஆசைப்பட்டு மூன்று கிலோவாட்டில் ஒன்று செய்தார். நான் பார்த்த சின்ன இயந்திரங்களில் அது நல்ல இயந்திரம். வால் மடங்குகிற கீலில் மட்டும் மூன்று தடவை திருத்தம் செய்தார். எல்லாம் முடிந்து ஜூலை கடைசியில் என்னிடம் வந்தார். "சார், சோதனைக்குக் கொண்டு போகலாமுங்களா?" என்றார். இப்போது ஏற்றினால் பலத்த காற்றுக்கான மணி நேரம் கிடைக்காது, அடுத்த சித்திரைக்குத் தயாராகுங்கள் என்றேன். "ஏனுங்க, ஆறு மாசம்னு தானுங்க எழுதியிருக்குது. நீங்க ஒன்றரை வருஷம்ங்கறீங்க. பேங்க்காரன் ஆடி, ஆவணி பார்ப்பானுங்களா?" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். யாரையுமே குறை சொல்ல முடியாது. தரநிலை சரி, வங்கியும் வட்டி வாங்கத்தான் செய்யும். அவர் இரண்டாவது சித்திரை வரை தாங்கவில்லை, பம்ப் பாகத்துக்கே திரும்பிவிட்டார். அண்ணாச்சிக்கு விற்ற மாதிரி இயந்திரங்களோ எந்தச் சோதனைக்கும் போகாமல், மானியமும் கேட்காமல், நேராகக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

இதுதான் நான் சொல்ல வந்தது. சோதனைக்கு இடம் போதாவிட்டால் அதனால் அடிபடுகிறவன் சோதனைக்கு வர நினைக்கிற ஆள்தான். வராதவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இதே சிக்கலை அமெரிக்காவில் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்கலாம். கொலராடோவில் ராக்கி ஃபிளாட்ஸ் என்ற இடத்தில் 1976 முதல் சிறு காற்றாலைகளைச் சோதித்து வந்தார்கள். பிறகு அந்த வேலை தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தின் கீழ் வந்தது. ஒரே இடம் போதாது என்று உணர்ந்து, 2010 வாக்கில் நான்கு வட்டாரச் சோதனை மையங்களைத் தேர்ந்தெடுத்துப் பணமும் பயிற்சியும் கொடுத்தார்கள். யூட்டாவில் ஒன்று, நியூயார்க் மாநிலத்தில் ஒன்று, இவை தனியார் நிறுவனங்கள். மற்ற இரண்டு எவை தெரியுமா? கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகமும், டெக்சாஸில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகமும். நான்கில் இரண்டு கல்விக்கூடங்கள்.

அதே சமயத்தில் 2009இல் அந்த நாட்டுக் காற்றாற்றல் சங்கம் ஒரு தரநிலை வெளியிட்டது. அதன்படி திறனை எல்லோரும் விநாடிக்கு 11 மீட்டர் காற்றில்தான் சொல்ல வேண்டும். ஆண்டு உற்பத்தியை 5 மீட்டர் சராசரிக் காற்றில் சொல்ல வேண்டும். சத்தத்தை 60 மீட்டர் தூரத்தில் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் விளம்பரத்தாளில் பொடி எழுத்தில் இருந்த தந்திரம் அங்கே செல்லாது. 2011இல் முதல் சான்றிதழ்கள் வந்தன. 2015இல்தான் சான்றிதழ் இருந்தால்தான் வரிச்சலுகை என்று ஆக்கினார்கள். அங்கேயும் அதே வரிசை. சின்ன உற்பத்தியாளர்களின் சோதனைச் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கும் திட்டமும் கொண்டுவந்தார்கள். ஏனென்றால் இயந்திரம் சிறியது என்பதற்காகக் கம்பமும் வேகமானியும் ஆள் கூலியும் சிறியதாகிவிடாது. பத்து கிலோவாட்டுக்கு ஆகிற செலவுதான் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட்டுக்கும்.

சோதனையே இல்லாமல் சந்தையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. வாரிக் என்ற இடத்தை மையமாக வைத்து, கட்டிடங்களின் மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்து 2009இல் அறிக்கை வெளியிட்டார்கள். சொன்ன திறனில் சராசரியாக ஒரு சதவீதம்கூட வரவில்லை. பழுதாகவும் நிறுத்தியும் வைத்திருந்த நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் நாலு சதவீதத்தைச் சற்றே தாண்டியது. ஓர் இடத்தில் காற்றாலை உற்பத்தி செய்ததைவிட அதன் மின்னணுப் பெட்டி சாப்பிட்டது அதிகம். வீட்டுக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்கப் போய், காற்றாலைக்கு மின்சாரம் வாங்கிக் கொடுத்த கதை!

இந்த அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு நண்பர், நம்ம பேட்ச்தான், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், "அப்போ சின்னக் காற்றாலையே வேண்டாமே, சோலார்தான் மலிவாகிவிட்டதே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலான இடங்களில் அவர் சொல்வது சரி. மதுரையில் மாடி வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் நானே பேனல் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் மாதங்களை நினைத்துப் பாருங்கள். வானம் மூடியிருக்கும், பேனல் சோர்ந்துவிடும், அந்த நேரத்தில்தான் காற்று பிய்த்துக்கொண்டு போகும், ராத்திரியும் சேர்த்து. இரண்டும் சேர்ந்தால் பேட்டரியின் அளவைக் குறைக்கலாம். எந்த ஊரில் வேண்டும், எந்த ஊரில் வேண்டாம் என்று சொல்வதற்கே நம்பத்தகுந்த எண் தேவை. சான்றிதழ் என்பது விற்பதற்கு மட்டுமல்ல. "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கும் அதுதான் ஆதாரம்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

கல்லூரி சான்றிதழ் கொடுக்க முடியாது. அது வேறு வேலை, அதற்கு வேறு அங்கீகாரம். சோதிப்பவரும் சான்றளிப்பவரும் தனித்தனியாக இருப்பதே நல்லது. ஆனால் அளக்கலாம். விளையாட்டு மைதானத்துக்கு மேற்கே, சர்வே வகுப்புக்குத் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு போவோமே, அந்தப் பொட்டல் இன்னும் அப்படியே இருக்கிறது. மேற்கே மலை வரை மறைப்பில்லை. அங்கே இரண்டு கான்கிரீட் மேடை, படுக்கவைத்து நிமிர்த்தும் கோபுரம், ஓர் அளவுக் கம்பம், பக்கத்தில் ஒரு சின்ன அறை. இயந்திரவியல் துறையில் இறக்கைக்கு மணல் மூட்டை ஏற்றி நிலைச் சுமைச் சோதனை செய்யலாம். மின்னியல் துறையில் ஜெனரேட்டரை மேஜையில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். கோயம்புத்தூர்க்காரர் போன்றவர்கள் சித்திரையில் அதிகாரபூர்வச் சோதனைக்குப் போகும் முன்னால், முந்தைய சீசனிலேயே இங்கே ஒரு மாதிரித் தேர்வு எழுதிவிடலாம். எங்கே உடையும் என்பது முன்பே தெரிந்துவிட்டால் பாதி வட்டி மிச்சம்.

எளிது என்று நான் சொல்லவில்லை. மாணவர்கள் நாலு வருஷத்தில் போய்விடுவார்கள், சோதனை தொடர்ந்து நடக்க வேண்டும். அதனால் நிரந்தரமாக ஒரு டெக்னீஷியன் வேண்டும், அவர் சம்பளத்துக்கு வழி வேண்டும். ஒரு கம்பெனிக்கு வடிவமைத்துக் கொடுத்துவிட்டு அதே இயந்திரத்துக்கு நாமே மதிப்பெண் போடக்கூடாது, அதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். வேகமானியை அளவுதிருத்த வெளியே அனுப்பும் செலவு வருஷா வருஷம் வரும். ஆய்வகத்துக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெறுவதற்குள் முடி நரைத்துவிடும், எனக்கு ஏற்கெனவே நரைத்துவிட்டதால் பயமில்லை. சோதனைக்கு வருகிற இயந்திரங்கள் சில வருஷம் இரண்டு கூடத் தேறாது. அந்த வருஷங்களிலும் கம்பம் நிற்க வேண்டும். இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

ஆனால் ஒன்றை அங்கீகாரம் இல்லாமலே நாளைக்கே தொடங்கலாம். டென்மார்க்கில் செய்தார்களே, அந்த மாதாந்தரப் பட்டியல். நம்ம மூன்று மாவட்டத்தில் வீடுகளிலும் பள்ளிகளிலும் நிற்கிற சிறு காற்றாலைகளைத் தேடிப்போய், மீட்டரைக் குறித்து, எத்தனை யூனிட் என்று கல்லூரியிலிருந்து வெளியிடுவது. ஓடாமல் நிற்பவற்றையும் ஓடவில்லை என்றே எழுதுவது. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிற தம்பிகள் இதைவிட உருப்படியான தலைப்பைக் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

என்னிடம் ஒரு வேலையில் கழித்துவிட்ட 30 மீட்டர் கம்பம் இருக்கிறது, இழுகம்பி, நங்கூரம் எல்லாம் சேர்த்து. இரண்டு வேகமானி, ஒரு திசைகாட்டி, ஒரு பதிவுக்கருவி இவற்றையும் தருகிறேன். வேகமானிகளை அளவுதிருத்தும் முதல் வருஷச் செலவு என்னுடையது. நம் பேட்ச் நண்பர்கள் மூன்று பேர் மேடைக்கான கான்கிரீட் செலவைக் காலையில் காபி சாப்பிடும்போதே ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் மறுப்பதற்குள் இங்கே சொல்லிவிட்டேன். முதலில் ஒரு முழு வருஷம் பொட்டலை அளப்போம். அங்கே போதிய காற்று இல்லையென்றால், இல்லை என்று அடுத்த மலரில் எழுதிவிட்டுக் கம்பத்தை வேறு கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம். முதல்வர் அவர்களிடம் நிலத்துக்கான விண்ணப்பத்தை இன்று காலை கொடுத்திருக்கிறேன்.

கம்பம் பங்குனிக்குள் நின்றால்தான் இந்த வருஷக் காற்றைப் பிடிக்கலாம். வேலைக்கு ஆறு மாணவர்கள் போதும், உயரத்துக்குப் பயப்படாதவர்களாக இருந்தால் நல்லது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்னியல் ஆய்வக வாசலுக்கு வாருங்கள், நான் நான்கு மணி வரை அங்கே இருப்பேன்.